சுவரில் முளைத்த மரம்

மறுபடியும் மரம் முளைத்துவிட்டது. சுவரில், என் நெஞ்சு உயரத்தில், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியின் கறுப்புக் கண்ணாடி வட்டத்துக்குள் விரல்நகம் அளவில் ஒரு பச்சை மரம், பக்கத்தில் பதினேழு. இப்போதுதானே இருபத்தைந்தில் வைத்தேன், இப்போதுதான், விரலை எடுத்துவிட்டுச் சமையலறை வாசல் வரை போயிருப்பேன், திரும்பிப் பார்த்தால் பதினேழும் மரமும். மரம் வந்தால் எரிவாயு மிச்சம், நீ பூமியைக் காப்பாற்றுகிறாய் என்று அர்த்தமாம். பூமி கிடக்கட்டும். என் பிள்ளை வருகிறாள். இன்று பின்னேரம், என் மனைவி வினோவோடு, அவளுடைய அக்காவின் காரில். மாதம் நிறையுமுன் அவசரப்பட்டுப் பிறந்தவள், இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் கிடந்தவள், கடையில் விற்கும் சீனிப் பை ஒன்றின் நிறைதான் இருக்கிறாள், நெற்றியில் ஓடும் நரம்பு நீலமாக வெளியே தெரிகிறது. தாதி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். வீடு இருபத்துநாலுக்குக் கீழே இறங்கக் கூடாது, தன் உடம்பைத் தானே சூடாக்க இந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. சரி என்று தலையாட்டினேன். வீட்டைச் சூடாக்கிவிட்டுக் காத்திருக்கிறேன் என்று முன்னாலேயே ஓடி வந்தேன். வந்தால் வீடு மீன்கடை மாதிரிக் குளிர்கிறது, பனி விழுந்து ஸ்காபுறோ நகரம் முழுக்க வெளியே வெள்ளை, படுக்கையறை ஜன்னலின் உட்பக்கத்து மூலையிலேயே ஐஸ் பிடித்திருக்கிறது, தொட்டிலைத் தொட்டால் கம்பி சில்லிடுகிறது. இதற்குள் அவளைப் படுக்கவைப்பதா. வினோ காலையில் ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையின் சின்னக் காலுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வீடு சூடா இருக்கோணும். நீங்கள் சத்தம் போடக் கூடாது. ரெண்டிலை ஒண்டு பிழையாப் போனாலும் நான் அக்கா வீட்டை போயிடுவன்." சும்மா சொல்பவள் இல்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன், காலுறை போடுகிற குரலில் சொன்னாள். அக்கா காரின் இயந்திரத்தை நிறுத்தமாட்டாவாம், வினோ உள்ளே வந்து பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் போவாவாம். எல்லாம் பேசி வைத்திருக்கிறார்கள். சத்தம் போடக் கூடாது. நான் சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். விரலை வைத்துத் தள்ளுகிறேன், பதினெட்டு, இருபது, இருபத்துமூன்று, இருபத்தைந்து. மரம் போகிறது. போனதுபோல நடிக்கிறது.

இந்தச் சனியனை நான்தான் கொண்டுவந்தேன், வேறு ஒருவரையும் குறை சொல்ல முடியாது. அப்பா செத்து, அந்தியேட்டிக் காரியம் முடிந்த கையோடு செய்த முதல் வேலை அது. அதற்கு முன் இதே இடத்தில் பழைய பெட்டி இருந்தது, அதற்கு மேல் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்கு ஒரு பூட்டு, பூட்டின் திறப்பு அப்பாவின் கார்த் திறப்போடு ஒரே வளையத்தில். ஒன்பது, பத்து வயதில் இருந்து அந்தக் கூட்டுக்குள் பதினெட்டு என்ற எண் சிறையில் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தேன். அவரைச் சுடலையில் வைத்துவிட்டு வந்து, காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர் கடைசி வடையையும் தின்றுவிட்டுப் போன பிறகு, கூட்டை ஸ்குரூ கழற்றாமல் கையாலேயே பிய்த்தேன். சுவரின் சாந்தும் சேர்ந்து வந்தது. அந்த இழுவையின் இன்பம் இன்னும் என் தோளில் இருக்கிறது. பிறகு இதை மாட்டினேன், எரிவாயுக் கம்பனிக்காரன் இலவசமாகக் கொடுத்தான், சும்மா தருகிறவன் எதையோ எடுக்கப் போகிறான் என்று அப்போது மண்டையில் ஏறவில்லை. கூடு பிய்ந்த இடம் அசிங்கமாக இருக்கிறதென்று அம்மா பெட்டிக்கு நேர் கீழே தன் குட்டி மேசையைக் கொண்டுவந்து போட்டார், மேசையில் மாலை போட்ட அப்பாவின் படம், படத்துக்கு முன்னால் விளக்கு. ஏன் இங்கே, சாமியறையில் வைக்கலாமே என்று கேட்டேன். அவர் எப்போதும் நிற்கிற இடம் என்றார் அம்மா. உண்மைதான். காலையில் போகும்போதும் வேலையால் வரும்போதும் சப்பாத்தைக் கழற்றுமுன் அவர் வந்து நின்று எண்ணைப் பார்க்கிற இடம் இது. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் வரும்வரை விளக்கு நூர்ந்து அணையக் கூடாதென்று அம்மா இரவு பகலாக எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பெட்டியைப் பார்க்கும்போது கண்ணை ஒரு அங்குலமும் கீழே இறக்குவதில்லை. இறக்கினால் அவர் நிற்பார். போனை எடுக்கிறேன், அதில் இந்தப் பெட்டியின் அமைப்புகளுக்குள் போகிறேன், அங்கே ஒரு கிடங்கு, திறக்கத் திறக்க அறை. கிடைத்தது. ‘வீட்டில் ஒருவரும் இல்லாதபோது தானாகக் குறை.’ ஒருவரும் இல்லையாம். பெட்டிக்கு ஒரு கண் இருக்கிறதாம், இந்த நடைவழியில் ஆள் நடமாட்டம் தெரியாவிட்டால் வீடு காலி என்று முடிவு கட்டுமாம். நாங்கள் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அம்மா சமையலறைக் கதிரையில் தனியே இருந்திருக்கிறார், கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு முறைப்பாடும் இல்லாமல். அவருக்கு மேலே பச்சை மரம் பூத்துக் குலுங்கியிருக்கிறது. பெட்டியின் கணக்கில் அம்மா இருந்தும் ஒருவரும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க என்ஜினியர் எதற்கு, அப்பா எத்தனையோ வருசத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். அணை. அணைத்தேன். மரம் போய்விட்டது. பார்த்துக்கொண்டே நிற்கிறேன், கண்ணை எடுத்தால் வரும், கள்ளன் மாதிரி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும், அம்மாவுக்குக் காய்ச்சல், போர்வைக்குள் பல்லு அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கு ஹோல் வரை கேட்டது. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்று அந்தப் பழைய பெட்டியின் முள்ளைத் தள்ளினேன், அப்போது கூடு இல்லை, கூடு அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பா வந்தார், வழக்கம்போல நின்று பார்த்தார். யார் தொட்டது என்று கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, எந்த விரல் என்று கேட்டார். நான் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் கேட்டால் சரியான விடையை நீட்டுவதுபோல நீட்டினேன். அந்த விரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார், மெதுவாக, ஒரு கதவு எவ்வளவு திறக்கும் என்று பார்ப்பவர்போல, முகத்தில் கோபமே இல்லை. பிறகு பெல்ட். பெல்ட் எனக்கு நினைவில்லை, அந்த மெதுதான் நினைவிருக்கிறது. இதே விரல், இதே வலது சுட்டுவிரல், மழைக்கு முன்னால் இன்னும் உளையும். கோழி இறைச்சி வைக்கிற குளிர்க் கிடங்கில் அவருக்கு வேலை. மூச்சு மீசையில் உறைகிற குளிருக்குள் நாள் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவருக்கு எங்கள் வீடு எப்போதும் சூடு. இது குளிரோ என்பார். வாருங்கோ ஒருநாள், குளிர் என்றால் என்னவென்று காட்டுறன் என்பார். அவர் பட்டதையெல்லாம் நாங்களும் படவேண்டும், அதில் ஒரு பங்கு, ஒரு துண்டு, வெட்டிக் கொடுப்பதுபோல. செத்த பிறகாவது இந்த வீட்டைச் சுடச்சுட வைத்திருக்கலாம் என்று நினைத்தேன், என் பிள்ளை சட்டையில்லாமல் வெறும் மேலோடு தவழ்வாள் என்று நினைத்தேன். பார், பார், மரம். வந்துவிட்டது. நான் நின்றுகொண்டிருக்கிறேன், கண்ணுக்கு முன்னால் நிற்கிறேன், நான் ஆளில்லையா, எனக்கு உடம்பில்லையா. பதினேழு. கை தானாக எழும்பிக் கண்ணாடியில் அறைகிறது. சத்தம். சமையலறையில் அகப்பை ஒரு கணம் நின்று, பிறகு கிண்டுகிறது. இல்லை, இல்லை, சத்தம் போடவில்லை, கை பட்டுவிட்டது. என் உள்ளங்கை சிவக்கிறது. அகலமான கை, கட்டையான விரல்கள், விரல் கணுக்களில் மயிர், ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பெட்டிக்குள் கையை விடும்போது இந்தக் கையைப் பார்த்துப் பயந்தேன், இது எனக்கு யார் தந்த கை என்று தெரியும். அவள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். அதே விரலை. பிடித்த இடம் சூடாக இருந்தது.

போனில் இன்னும் ஒரு அறை. ‘உங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொள்.’ கற்றுக்கொண்டதாம். நாங்கள் எப்போது எழும்புகிறோம், எப்போது படுக்கிறோம், எப்போது குறைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துத் தானே ஒரு ஒழுங்கு போட்டுக்கொண்டதாம். இந்த வீட்டில் பழகி யார் உருப்பட்டார்கள். நான் பழகினேன், என்னைப் பார். கடன் அட்டைக்காரனோடு போனில் கத்தினால் அயலட்டைக் கதவு திறக்கிறது, பிரிண்டர் பேப்பரைச் சிக்கவைத்தால் அதைத் தூக்கிப் போட்டு உடைக்கிறேன், வினோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று பார்த்தாள், துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். உன்னையும் பிள்ளையையும் ஒருநாளும் அடிக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். கேட்காமலே ஏன் சொன்னேன். அணை. ‘நிச்சயமா? இதுவரை கற்றதெல்லாம் அழிந்துவிடும்.’ அழியட்டும், அடியோடு அழியட்டும், வேரோடு. அழிந்தது. அம்மா கறிக்குச் சரக்கு வறுக்கிறார், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறி, மிளகும் மல்லியும் மஞ்சளும் கருகுகிற மணம் மூக்கை அரிக்கிறது, இடது கையால்தான் கிண்டுவார், வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, நான் சின்னனாக இருக்கும்போது பஸ் தரிப்பில் ஐஸில் வழுக்கி விழுந்து முறிந்தது. அம்மா கேட்கிறார், வீடு சூடாகுதோ தம்பி என்று. ஆகுது அம்மா. பொய். என் பாதம் மரத்துப்போய்விட்டது. மூன்றாவது அறையும் இருக்கிறது, இதைத்தான் தேடினேன், ஆக அடியில், சின்ன எழுத்தில். ஊரே ஹீற்றர் போடுகிற நேரத்தில் உங்கள் வீட்டைக் கம்பனியே குறைத்துக்கொள்ளும், பெட்டியை இலவசமாக வாங்கியபோது நீங்கள் சம்மதித்தீர்கள், நன்றி. நன்றியாம். நான் சம்மதித்தேனாம். எங்கேயோ ஒரு சூடான அறையில் கோட்டும் டையும் போட்ட ஒருவன் ஒரு பொத்தானை அமுக்குகிறான், என் பிள்ளையின் தொட்டில் குளிர்கிறது. அவனைக் கொண்டுவந்து இந்தத் தரையில் வெறுங்காலோடு நிறுத்தவேண்டும். அவனுடைய அந்த விரலைப் பிடிக்கவேண்டும். எந்த விரல் என்று கேட்கவேண்டும். மெதுவாக. ஐயோ. இப்போது யார் கேட்டது. எனக்குள் இருந்து யார் அப்படிக் கேட்டது. விலகுகிறேன், திட்டத்தில் இருந்து விலகுகிறேன், ஆம், ஆம், நிச்சயமாக, விலகுகிறேன். முடிந்தது. மரம் போனது. இப்போது உண்மையாகவே போனது, மூன்று வேரும் அறுத்தாயிற்று, இனி முளைக்காது. இருபத்தைந்து. பெரிதாக, வெள்ளையாக, இருபத்தைந்து. நிலத்தடி அறையில் வீட்டுக்குச் சூட்டுக்காற்று அனுப்புகிற ஃபர்னஸ் உறுமும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உறுமவில்லை. ஒன்றுமில்லை. குளிர்ப்பெட்டியின் இரைச்சல் கேட்கிறது, அம்மாவின் அகப்பை கேட்கிறது, கீழே பிரேதம் மாதிரி அமைதி. பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு வரி, ‘உள்ளே 25.’ என்னது. உள்ளே இருபத்தைந்தா. எந்த உள்ளே. ஊதிப் பார்க்கிறேன், என் மூச்சு புகையாக வருகிறது, அல்லது வருவதுபோல இருக்கிறது. பொய் சொல்கிறது. முகத்துக்கு நேரே நின்று பொய் சொல்கிறது. வீடு சூடு என்கிறது. இது குளிரோ என்கிறது. அந்த வசனம், அப்படியே அந்த வசனம், சப்பாத்தைக் கழற்றாமல் நின்று சொல்கிற குரல், இது குளிரோ, வாங்கோ காட்டுறன். முப்பதுக்குத் தள்ளினால் இதற்கு விளங்கும், சரி முப்பது, ‘குழந்தை, முதியோர் பாதுகாப்புக்காக உச்ச அளவு 25.’ யாருடைய பாதுகாப்பு. எனக்குக் கண் இருண்டுகொண்டு வருகிறது, அந்த இருட்டு எனக்குத் தெரியும், அது வயிற்றில் இருந்து கிளம்பித் தோளுக்கு வந்து கைக்கு இறங்கும், இறங்கின பிறகு நான் பொறுப்பில்லை, அப்படித்தான் எனக்குள் ஒருவன் எப்போதும் சொல்லுவான். மேசை லாச்சியை இழுக்கிறேன், இழுக்கும்போதும் கண் மேலேதான், கை மட்டும் துழாவுகிறது, தீப்பெட்டி, திரி, எண்ணெய்ப் போத்தல், அடியில் அது. அவருடைய சுத்தியல். பிடியில் கறுப்பு டேப் சுற்றி வைத்திருப்பார், வியர்வைக்கு வழுக்காமல். என் கை பொருந்துகிறது, அவருடைய விரல்கள் அழுத்தி அழுத்திக் குழி விழுந்த இடத்தில் என் விரல்கள் போய் உட்கார்கின்றன. ஒரு அடி. கண்ணாடி நொறுங்கட்டும். இரண்டாவது அடியில் வயர் வெளியே வரட்டும், பிடித்துக் குடல்போல உருவிச் சுவர் முழுக்கப் பிளக்கவேண்டும், பிளந்துகொண்டே போகவேண்டும், இந்தச் சுவருக்குள் இருக்கிற பதினெட்டு எல்லாவற்றையும், பதினேழு எல்லாவற்றையும் அடித்துக் கொல்லவேண்டும், கீழே போய் ஃபர்னஸின் மூஞ்சியை உடைத்து, கம்பனிக்காரனின் வீட்டை உடைத்து, கல்லறையென்று ஒன்று இருந்தால் அதையும், எரித்ததுதான் பிழை, புதைத்திருந்தால் தோண்டலாம். கை மேலே போகிறது. தலைக்கு மேலே. சரக்கு மணம் கிட்ட வருகிறது. பக்கத்தில் ஒரு அசைவு.

அம்மா. சமையலறை வாசலில் அம்மா நிற்கிறார். என்னிடமிருந்து எவ்வளவோ தள்ளித்தான் நிற்கிறார், சுத்தியல் அவர் பக்கம்கூட இல்லை. ஆனால் அவருடைய இடது கை தலைக்கு மேலே போய்விட்டது, முழங்கை வெளியே மடிந்து, முகம் கக்கத்துக்குள் ஒடுங்கி, கண் மூடி, ஒரு தோள் சுவரோடு. யோசித்துச் செய்ததில்லை. கண் இமைப்பதுபோல நடந்தது. நானும் அப்படியே, கையைத் தூக்கியபடி. இந்த நடைவழியில் இந்த இருவரையும் நான் பார்த்திருக்கிறேன், இதே உயரத்தில், இதே இடத்தில், மாடிப்படியின் கம்பிகளுக்கு இடையால். அப்போது அந்தக் கையின் ஆள் அவர். இப்போது நான். அம்மா கண்ணைத் திறந்தார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்று, பிறகு அதைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையைச் சரிசெய்தார். கொண்டை அவிழவே இல்லை. அம்மா நான் உங்களை அடிக்கமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது, அதைச் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேனே என்று வாய் மூடிக்கொண்டது. கை இறங்கியது, சுத்தியல் விரலில் தொங்குகிறது. அம்மா ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே போனார். குளிர்ப்பெட்டியின் மேல்கதவு திறக்கிற சத்தம். திரும்பி வந்தபோது கையில் துருவி உறையவைத்த தேங்காய்ப்பூப் பைக்கற்று, கல்லுப் போல, மேலே வெள்ளைப் புகை. "அதை உடைச்சா வீடு சூடாகாது தம்பி. கொஞ்சம் தள்ளு." தள்ளினேன். அம்மா எட்டிப் பைக்கற்றைப் பெட்டியின் மேல் வைத்து உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி வைப்பதுபோல. பார்த்துக்கொண்டு நின்றேன். ‘உள்ளே 25’ என்ற வரி அவருடைய பெருவிரலுக்குப் பக்கத்தில் இருபத்துநாலாகியது. இருபத்துமூன்று. இருபத்தொன்று. கீழே ஏதோ ஒன்று சொடுக்கியது, இருமியது, பிறகு ஃபர்னஸ் முழு மூச்சோடு எழும்பியது. தரையோரத்துத் தட்டியால் காற்று வந்து என் காலில் பட்டது, முதலில் புழுதி மணம், பிறகு சூடு.

"உன்ர கொப்பர் பூட்டுப் போட்டு வைச்ச காலத்திலை நான் இப்பிடித்தான் செய்யிறனான். நீ பள்ளிக்கூடத்தாலை வரேக்கை வீடு சூடா இருக்கவேணுமே." உறைந்த பைக்கற்றைக் கூட்டின் காற்றுத் துவாரத்தில் வைத்து அமத்துவாராம், அப்பா வருமுன் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியே விடுவாராம். பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையைக் கழற்றும்போது வீடு இதமாக இருக்கும், எனக்கு நினைவிருக்கிறது, பின்னேர வெயில் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த பிறகும் இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அந்தப் பின்னேர வெயில் என்று வினோவுக்குச் சொல்லியிருக்கிறேன். வடக்குப் பார்த்த வீட்டில் ஏது வெயில். அப்பா ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டேன். "ஒருக்காக் கண்டவர்," என்றார் அம்மா. பைக்கற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது மணிக்கட்டு களைத்திருக்க வேண்டும். அந்தக் கையைப் பார்த்தேன். பஸ் தரிப்பும் இல்லை, ஐஸும் இல்லை, வழுக்கி விழவும் இல்லை. இத்தனை வருசமும் இந்தக் கை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே எனக்குப் பொய் சொல்லியிருக்கிறது. அம்மா இப்போது கீழே பார்க்கிறார், விளக்கை, நிமிர்ந்து பெட்டியை, மறுபடி விளக்கை. இந்த விளக்கின் சூடு நேரே மேலே போய்ப் பெட்டியில் ஏறுகிறது, அது வீடே சூடு என்று நினைக்கிறது, இது தன் மண்டையில் முதலே ஓடியிருக்க வேண்டும் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். நானும் முதன்முதலாகக் கண்ணை இறக்கினேன். சின்னச் சுடர், அசையாமல். அதற்குப் பின்னால் அவர், மாலைக்குள், கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது. கையை நீட்டினேன், சுடருக்கு மேலே, பெட்டிக்கு அடியில். இந்த வீடு முழுக்கக் குளிரில் விறைத்துக் கிடக்க, சூடாக இருந்தது அவருக்கு முன்னால் இருந்த அந்த ஒரு சாண் இடம் மட்டும்தான். மூன்று வேரையும் அறுத்தேனே, இதை விட்டுவிட்டேனே. மேசையை நகர்த்தட்டுமா, ஆட்டைத் திவசம் வரை எரியவேணும் என்றீர்களே என்றேன். அம்மா குனிந்தார். விளக்கை வாயால் ஊதக் கூடாதென்று என் சின்ன வயதில் என் வாயில் சுண்டியவர், குனிந்து, கன்னத்தை உப்பி, ஊதினார். புகை நேரே எழும்பிப் படத்தின் கண்ணாடியில் பட்டுப் பரவியது.

மணி அடிக்கவில்லை, வினோவிடம் திறப்பு இருந்தது. கதவு திறந்தது, பனி வெளிச்சம் நடைவழி முழுக்க விழுந்தது. அவள் வாசற்படியில் நிற்கிறாள், நெஞ்சோடு போர்வைப் பொதி, பொதிக்குள் ஒரு மூக்கு. பின்னால் தெருவோரம் அக்காவின் கார், இயந்திரம் ஓடிக்கொண்டே. வீடு சூடாகத் தொடங்கிவிட்டது, சத்தமும் இல்லை, இரண்டிலும் ஒன்றும் தவறவில்லை என்று சிரிக்கப் போனேன். வினோ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்க்கிறாள். சுத்தியல் இன்னும் என் கையில் இருந்தது. அவள் காலைத் தூக்கி உள்ளே வைக்கவில்லை. அம்மா முந்திக்கொண்டார். "படத்துக்கு ஆணி அடிக்கச் சொல்லி நான்தான் குடுத்தனான் பிள்ளை." எவ்வளவு லேசாகச் சொன்னார். ஒரு தடுமாற்றமும் இல்லை. பஸ் தரிப்பைச் சொன்ன அதே குரல், ஐஸைச் சொன்ன அதே குரல், இப்போது எனக்காக எடுத்து விரித்துப் போட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். ஆணி என்று ஒரு சொல் சொன்னால் போதும், வினோ நம்புவாள், அல்லது நம்பியதுபோல இருப்பாள், இன்னும் பல வருசம் கழித்து இதே வாசலில் நின்று என் பிள்ளைக்கு அவளும் ஏதாவது சொல்லுவாள். "இல்லை," என்றேன். "இந்தப் பெட்டியை உடைக்க எடுத்தனான். அம்மா பயந்துபோனா." குரல் தாழ்வாகத்தான் வந்தது. தாழ்த்திப் பேசவேண்டும் என்று யோசிக்கவில்லை, வந்தது அவ்வளவுதான். அம்மா தரையைப் பார்த்தார். சூடு எங்கள் எல்லோரையும் தாண்டித் திறந்த கதவால் வெளியே போய்க்கொண்டிருந்தது. வினோ பொதியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அதை வெளியிலை எறிஞ்சுபோட்டு வந்து கதவைச் சாத்துங்கோ. பிள்ளைக்குக் குளிருது."

காலுறையோடு படியில் இறங்கி எறிந்தேன். முற்றத்துப் பனிக்குள் சத்தமே இல்லாமல் போனது, நீளமாக ஒரு வெட்டு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். வினோ நடைவழி நடுவில் நிற்கிறாள், கோட்டைக் கழற்றவில்லை. பெட்டியில் மரம் இல்லை. உள்ளே இருபது, பிறகு இருபத்தொன்று, அம்மா பைக்கற்றை எடுத்துவிட்டார், விளக்கும் இல்லை, இந்த எண் இனி உண்மை. பிள்ளை சிணுங்கினாள். எடுக்கக் கை நீட்டவில்லை, கேட்கவும் இல்லை, நின்றேன். வெளியே காரின் இயந்திரம் ஓடுகிறது. இருபத்திரண்டு. வினோ போய் முன் ஜன்னலின் திரையை விலக்கி அக்காவுக்குக் கையைக் காட்டினாள். வரச் சொல்லியா, போகச் சொல்லியா என்று எனக்கு விளங்கவில்லை, அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இயந்திரத்தின் சத்தம் கூடியது. பிறகு பனியில் டயர் நெரிபட்டுக் கார் போகிற சத்தம் கேட்டது.